கேள்வி – பதில்: கரிமச் சேர்மங்களை இனங்காண்பதும் பெயரிடுவதும்

இந்த இதழுக்கு வந்த அறிவியல் கேள்விகளில் பெரும்பாலானவை கரிம வேதியியலைப் பற்றியவை. அவற்றிலும் வினைச்செயல் தொகுதிகளை, அதாவது மூலக்கூறின் வினைகளை முடிவு செய்யும் அணுக்கூட்டங்களை அடையாளம் காண்பது, ஐயுபிஏசி எனப்படும் பன்னாட்டு வேதியியல் அமைப்பின் முறையில் பெயரிடுவது ஆகிய இரண்டைப் பற்றியே பலர் கேட்டிருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். மூலக்கூறுகளின் அமைப்பைச் சொற்களால் விவரித்திருக்கிறேன். ஒரு தாளில் வரைந்துகொண்டே படித்தால் எளிதாக விளங்கும்.

கேள்வி: பாராசிட்டமாலின் அமைப்பைக் கொடுத்து, அதிலுள்ள வினைச்செயல் தொகுதிகளை எழுதும்படி தேர்வில் கேட்டிருந்தார்கள். நான் ஆல்கஹால், கீட்டோன், அமீன் என்று எழுதினேன். ஒன்றுக்குக்கூட மதிப்பெண் கிடைக்கவில்லை. ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி), ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு, நைட்ரஜன் மூன்றும் அந்தப் படத்தில் இருக்கின்றனவே? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்)

பதில்: மூன்றையும் நீங்கள் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். அவை ஒவ்வொன்றும் எந்த அணுவை ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் விட்டதுதான் மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம். கரிம வேதியியலில் ஒரு தொகுதியின் குணத்தை முடிவு செய்வதில் அண்டை அணுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பனை, அதாவது கார்போனைல் கார்பனை, முதலில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். அதற்கு இன்னும் இரண்டு பிணைப்புகள் மிச்சம் இருக்கும். அந்த இரண்டும் கார்பனுக்கே சென்றால் அது கீட்டோன். ஒன்றேனும் ஹைட்ரஜனுக்குச் சென்றால் ஆல்டிஹைடு. ஒன்று ஹைட்ராக்சிலுக்குச் சென்றால் கார்பாக்சிலிக் அமிலம். ஒன்று ஆக்சிஜனுக்குச் சென்று அந்த ஆக்சிஜன் வேறொரு கார்பன் தொகுதியைப் பிடித்திருந்தால் எஸ்டர். குளோரினுக்குச் சென்றால் அமில குளோரைடு. நைட்ரஜனுக்குச் சென்றால் அமைடு. பாராசிட்டமாலில் கார்போனைல் கார்பனின் ஒரு பக்கம் மெத்தில் தொகுதியும் மறுபக்கம் நைட்ரஜனும் இருப்பதால், நீங்கள் கீட்டோன், அமீன் என்று இரண்டாகப் பிரித்த இடம் முழுவதும் சேர்ந்து ஒரே அமைடு தொகுதியாகும். ஹைட்ராக்சிலோ பென்சீன் வளையத்தின் கார்பனில் நேரடியாக ஒட்டியிருப்பதால் அது ஃபீனால். ஆகவே எழுதியிருக்க வேண்டியவை இரண்டே தொகுதிகள்: அமைடு, ஃபீனால். இவற்றைக் கண்டுகொண்டால், என்-(4-ஹைட்ராக்சிஃபீனைல்)அசிட்டமைடு என்ற அதன் பெயரும் புரிந்துவிடும். பெயரின் தொடக்கத்திலுள்ள 'என்' என்பது, வளையம் நைட்ரஜனின் மேல் ஒட்டியிருப்பதைக் குறிக்கிறது.

இப்படிப் பிரித்துச் சொல்வது வெறும் ஏட்டு வழக்கம் என்று எண்ண வேண்டாம். ஆய்வுக்கூடத்திலும் இந்த வேறுபாடு தெரியும். அமீனின் நைட்ரஜன் தன்னிடமுள்ள தனித்த இணை எலக்ட்ரான்களைக் கொண்டு ஒரு புரோட்டானை ஏற்றுக்கொள்வதால், நீரில் கரையாத அமீனும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும். அமைடிலோ அந்த எலக்ட்ரான்கள் பக்கத்திலுள்ள கார்போனைலோடு உடனிசைவில் பங்குகொள்வதால், அதாவது அதன் பக்கமும் பரவிவிடுவதால், நைட்ரஜன் தன் காரத்தன்மையை ஏறத்தாழ முழுவதும் இழந்துவிடுகிறது. கார்பாக்சிலிக் அமிலத்தின் கதையும் இத்தகையதே. அமில வலிமையைக் காட்டும் பிகேஏ மதிப்பு எத்தனாலுக்கு ஏறத்தாழ 16, ஃபீனாலின் மதிப்பு ஏறத்தாழ 10, எத்தனாயிக் அமிலத்தின் மதிப்பு 4.76. மூன்றிலும் ஹைட்ராக்சில் இருந்தபோதிலும், சோடியம் பைகார்பனேட் கரைசலில் நுரைத்துப் பொங்குவது எத்தனாயிக் அமிலம் மட்டுமே. மதிப்பு குறையக் குறைய அமில வலிமை கூடும் என்பதையும், ஒவ்வொரு அலகும் பத்து மடங்கு வேறுபாட்டைக் குறிக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பக்கத்தில் வந்து அமர்ந்த ஒரு கார்போனைல் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்திருக்கிறது என்பது விளங்கும்.

இன்னொரு பயிற்சிக்கு ஆஸ்பிரினை வரைந்து பாருங்கள். அதன் வளையத்தின் அடுத்தடுத்த இரு கார்பன்களில் ஒன்றில் கார்பாக்சிலிக் அமிலமும், மற்றொன்றில் எஸ்டரும் இருக்கின்றன. ஃபீனாலின் ஹைட்ராக்சில் எஸ்டராகிவிட்டதால், தூய ஆஸ்பிரின் ஃபெரிக் குளோரைடோடு ஊதா நிறம் தராது. ஈரம் பட்டுச் சிதைந்த மாத்திரையில் சாலிசிலிக் அமிலம் உருவாகியிருந்தால் ஃபீனால் மீண்டும் வெளிப்படும். அப்போது ஊதா நிறமும் தோன்றும்.

கேள்வி: பென்சீன் வளையத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகளை வரைகிறோம். அப்படியானால் அதை ஆல்கீன் தொகுதி என்று குறிப்பிடலாமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், கரூர்)

பதில்: கூடாது. அந்த ஆறு எலக்ட்ரான்களும் வளையம் முழுவதும் பரவியிருப்பதால் பென்சீன் புரோமின் நீரின் நிறத்தை நீக்குவதில்லை, ஆல்கீன் நீக்கும். எனவே வளையத்தை அரோமேட்டிக் வளையம் என்று தனியாகவே குறிப்பிட வேண்டும். ஆனால் ஃபீனால் புரோமின் நீரின் நிறத்தை நீக்கி 2,4,6-ட்ரைபுரோமோஃபீனால் என்ற வெண்ணிற வீழ்படிவைத் தரும் என்பதால், நிறம் நீங்கியதை மட்டும் வைத்து இரட்டைப் பிணைப்பு இருப்பதாக முடிவு கட்டிவிடக் கூடாது. வீழ்படிவு விழுந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். அதேபோல் ஹைட்ராக்சிலுக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரு கார்பன் வந்துவிட்டால் அது ஃபீனால் வகையில் சேராது. பென்சைல் ஆல்கஹால் எனப்படும் ஃபீனைல்மெத்தனால் ஒரு சாதாரண ஆல்கஹால்தான்.

கேள்வி: ஒரே மூலக்கூறில் பல தொகுதிகள் இருக்கும்போது எதைப் பின்னொட்டாகவும் எவற்றை முன்னொட்டாகவும் எழுதுவது என்பதற்கு ஒரு நீண்ட முன்னுரிமைப் பட்டியல் இருக்கிறது. மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டு மறுநாளே மறந்துவிடுகிறார்கள். நினைவில் நிற்கும்படி சொல்ல வழி உண்டா? (வேதியியல் ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: பட்டியலுக்குள்ளேயே ஓர் ஒழுங்கு இருக்கிறது. தொகுதியின் கார்பனிலிருந்து ஆக்சிஜன், நைட்ரஜன், ஹாலோஜன் ஆகியவற்றுக்கு மொத்தம் எத்தனை பிணைப்புகள் செல்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். கார்பாக்சிலிக் அமிலம், அமில நீரிலி, எஸ்டர், அமில ஹாலைடு, அமைடு, நைட்ரைல் ஆகிய எல்லாவற்றிலும் மூன்று. இவைதான் பட்டியலின் மேல்தட்டு, அதுவும் நான் எழுதிய இதே வரிசையில். ஆல்டிஹைடிலும் கீட்டோனிலும் இரண்டு, இவை நடுத்தட்டு. ஆல்கஹால், ஃபீனால், அமீன் ஆகியவற்றில் ஒன்று, இவை கீழ்த்தட்டு. விதி இந்தக் காரணத்தை வைத்து எழுதப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் நினைவில் நிறுத்திக்கொள்ள இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. மேல்தட்டுக்குள் இருக்கும் ஆறின் வரிசையை மட்டும் மாணவர்கள் தனியாகப் படித்தாக வேண்டும். ஹாலோஜன்கள், நைட்ரோ, ஈதரின் ஆல்காக்சி ஆகியவை இந்தப் போட்டியிலேயே இல்லை. அவை எந்த நிலையிலும் முன்னொட்டாக மட்டுமே வரும்.

முதன்மைத் தொகுதி ஒன்றுக்குத்தான் பின்னொட்டு என்பதால், போட்டியில் தோற்ற தொகுதிகள் தங்கள் பெயரை மாற்றிக்கொண்டு முன்னால் வந்து நிற்கின்றன: ஆல்கஹால் ஹைட்ராக்சியாகவும், கீட்டோன் ஆக்சோவாகவும், அமீன் அமினோவாகவும், நைட்ரைல் சயனோவாகவும் மாறும். தயிரின் புளிப்புக்குக் காரணமான லாக்டிக் அமிலத்தில் மூன்று கார்பன் சங்கிலி, ஒரு முனையில் அமிலத் தொகுதி, அதையடுத்த கார்பனில் ஹைட்ராக்சில். அதனால் 2-ஹைட்ராக்சிபுரோப்பனாயிக் அமிலம். அந்த ஹைட்ராக்சில் இருந்த இடத்தில் கீட்டோன் வந்துவிட்டால் அது பைருவிக் அமிலம், அதாவது 2-ஆக்சோபுரோப்பனாயிக் அமிலம்.

எண்ணிடுவதிலும் இதே முன்னுரிமைதான் முதலில் பேசும். ஐந்து கார்பன் சங்கிலி ஒன்றை வரையுங்கள். இடது முனையில் அமிலத் தொகுதி, இரண்டாவது, மூன்றாவது கார்பன்களுக்கு இடையில் இரட்டைப் பிணைப்பு, நான்காவதில் ஹைட்ராக்சில். ஹைட்ராக்சிலுக்குச் சிறிய எண் கிடைக்கட்டும் என்று வலப்பக்கமிருந்து எண்ணத் தொடங்கும் மாணவர்கள் நிறையப் பேர். அமிலத்தின் கார்பன்தான் 1 என்பது முதலில் உறுதியாகிவிட்டால் மற்ற எண்கள் தாமாகவே அமைந்துவிடும்: 4-ஹைட்ராக்சிபென்ட்-2-ஈனாயிக் அமிலம். ஆல்கஹாலும் இரட்டைப் பிணைப்பும் மட்டும் இருக்கும்போதும் ஆல்கஹாலுக்கே முதல் உரிமை என்பதால், நான்கு கார்பன் சங்கிலியின் ஒரு முனையில் இரட்டைப் பிணைப்பும் அதையடுத்து வரும் கார்பனில் ஹைட்ராக்சிலும் இருந்தால், அது பியூட்-3-ஈன்-2-ஆல் ஆகும். இரட்டைப் பிணைப்பும் முப்பிணைப்பும் இருந்து, எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் அதே எண்கள் வந்தால், இரட்டைப் பிணைப்புக்குச் சிறிய எண் தர வேண்டும். பென்ட்-1-ஈன்-4-ஐன் என்ற பெயர் அப்படி அமைந்ததே.

கேள்வி: நான் தமிழ் வழியில் படிக்கிறேன். பதிலித் தொகுதிகளை (சங்கிலியில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒட்டியிருப்பவற்றை) அகரவரிசையில் எழுத வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. எத்தில் 'எ'வில் தொடங்குவதால் அதைக் குளோரோவுக்கு முன்னால் எழுதினேன். தவறு என்று திருத்தியிருக்கிறார்கள். ஏன்? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், அறந்தாங்கி)

பதில்: பாடநூலில் உள்ள அந்த வரி ஆங்கில அகரவரிசையைக் குறிக்கிறது. நாம் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும், அவற்றை அடுக்கும்போது ஆங்கில எழுத்துக்கூட்டலையே பின்பற்ற வேண்டும். எத்தில் ஆங்கில நெடுங்கணக்கின் 5ஆம் எழுத்தில் தொடங்குகிறது. குளோரோ 3ஆம் எழுத்தில் தொடங்குகிறது. எனவே குளோரோதான் முன்னால் வரும்.

வரிசை மாறினால் சில நேரங்களில் எண்களும் மாறிவிடும் என்பதால், தமிழ் வழி மாணவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியிருக்கிறது. ஏழு கார்பன் சங்கிலியில் மூன்றாவது கார்பனில் குளோரினும் ஐந்தாவதில் எத்திலும் இருக்கின்றன என்று கொள்ளுங்கள். எந்த முனையிலிருந்து எண்ணினாலும் 3, 5 என்றே வரும். இப்படிச் சமமாக வரும் இடங்களில் பெயரில் முதலில் வரும் தொகுதிக்குச் சிறிய எண் தர வேண்டும் என்பது விதி. ஆகவே சரியான பெயர் 3-குளோரோ-5-எத்தில்ஹெப்டேன். தமிழ் வரிசைப்படி எழுதியவர் 3-எத்தில்-5-குளோரோஹெப்டேன் என்று எழுதி, வரிசையையும் எண்ணையும் சேர்த்தே தவறவிடுவார். இதே காரணத்தால்தான் 1-புரோமோ-3-குளோரோபுரோப்பேன் என்று எழுதுகிறோம். தமிழில் ககரம் முந்தும், ஆங்கிலத்தில் புரோமோவின் 2ஆம் எழுத்து முந்தும்.

தமிழ் எழுத்து நம்மைக் குழப்பும் இடங்கள் இன்னும் சில உண்டு. புரோமோ, புரோப்பைல் இரண்டும் தமிழில் 'பு'வில் தொடங்கினாலும், ஆங்கிலத்தில் முன்னது 2ஆம் எழுத்து, பின்னது 16ஆம் எழுத்து. இடையில் எத்தில், மெத்தில், நைட்ரோ எல்லாம் வந்துவிடும். ஃபுளோரோவும் ஃபீனைலும் அப்படித்தான்: முன்னது 6ஆம் எழுத்து, பின்னது 16ஆம் எழுத்து. அயோடோ அகரத்தில் தொடங்குவதைப் பார்த்து முதலில் போட்டுவிடாதீர்கள். அது 9ஆம் எழுத்து. மறுபுறம் குளோரோ, சயனோ, சைக்ளோஹெக்சைல், கார்பாக்சி ஆகிய எல்லாமே 3ஆம் எழுத்தில் தொடங்குபவை.

டை, ட்ரை, டெட்ரா என்ற எண்ணிக்கைச் சொற்களை வரிசைப்படுத்தும்போது கணக்கில் கொள்வதில்லை. டைமெத்திலை மெத்திலாகவே பார்க்க வேண்டும் என்பதால் 3-எத்தில்-2,2-டைமெத்தில்ஹெக்சேன் என்பதே சரி. மூவிணைய பியூட்டைலிலும் 'மூவிணைய' என்பதை விட்டுவிட்டுப் பியூட்டைலை மட்டும் பார்க்க வேண்டும். ஆனால் ஐசோ, சைக்ளோ ஆகியவை பெயரின் பகுதியாகவே கருதப்படுகின்றன. என் கருத்தில், தமிழ் வழிப் பாடநூல்களில் பதிலித் தொகுதிகளின் ஆங்கில முதலெழுத்தை ஓர் அட்டவணையாக அச்சிட்டுவிட்டால் இந்தச் சங்கடமே இராது.

கேள்வி: மஞ்சள், மிளகாய், இஞ்சி, கிராம்பு, வெண்ணிலா ஐந்திலும் உள்ள முக்கியமான மூலக்கூறுகளில் ஒரே துண்டு இருக்கிறது என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். சுவையிலும் மணத்திலும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இவற்றில் அது எப்படி? (இல்லத்தரசி, காரைக்குடி)

பதில்: மகள் சொல்வது உண்மை. ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு ஹைட்ராக்சில், அதற்கு அடுத்த கார்பனில் ஒரு மெத்தாக்சி (ஆக்சிஜன் வழியாக ஒட்டிய மெத்தில்), ஹைட்ராக்சிலுக்கு நேரெதிரே உள்ள கார்பனில் வேறு ஏதேனும் ஒரு பகுதி. இந்த அமைப்பு ஐந்திலும் இருக்கிறது. எதிர்முனையில் என்ன இருக்கிறது என்பதுதான் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணத்தைத் தருகிறது.

வெண்ணிலாவின் வெனிலினில் அந்த எதிர்முனையில் ஆல்டிஹைடு இருக்கிறது. நடுத்தட்டைச் சேர்ந்த ஆல்டிஹைடு கீழ்த்தட்டுத் தொகுதியான ஃபீனாலை முந்திவிடுவதால் பெயர் பென்சால்டிஹைடில் முடிகிறது. ஆல்டிஹைடு உள்ள கார்பனிலிருந்து எண்ணத் தொடங்கினால் 4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சிபென்சால்டிஹைடு. கிராம்பின் யூஜெனாலில் எதிர்முனையில் இருப்பது மூன்று கார்பன்களும் ஓர் இரட்டைப் பிணைப்பும் கொண்ட ஒரு கிளை. அதற்குப் பின்னொட்டுப் பெறும் தகுதியுள்ள தொகுதி ஏதும் இல்லாததால், வளையத்தின் ஹைட்ராக்சிலே முதன்மைத் தொகுதியாகி 1 என்ற எண்ணைப் பெறுகிறது: 2-மெத்தாக்சி-4-(புரோப்-2-ஈன்-1-ஐல்)ஃபீனால். வளையத்தில் மூன்று தொகுதிகளும் அசையாமல் அதே இடங்களில் இருந்தும், வெனிலினில் 3 ஆக இருந்த மெத்தாக்சி யூஜெனாலில் 2 ஆகிவிட்டதைக் கவனியுங்கள். எண் எப்போதும் முதன்மைத் தொகுதியைப் பொறுத்தே அமைகிறது. மேலே ஆசிரியை கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசினில் எதிர்முனையிலிருந்து ஒரு கார்பன் நீண்டு, அமைடு ஒன்றின் நைட்ரஜனைத் தொடுகிறது. அமைடின் மறுபக்கம் ஒன்பது கார்பன் சங்கிலி. மேல்தட்டுத் தொகுதியான அமைடே அங்கே பெயரை முடித்துவைக்கிறது: என்-[(4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சிஃபீனைல்)மெத்தில்]-8-மெத்தில்நோன்-6-ஈனமைடு. கொழுப்பில் கரையக்கூடிய அந்த நீண்ட சங்கிலி இருப்பதால்தான், மிளகாயைக் கடித்தபின் வெறும் தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் எளிதில் தீர்வதில்லை.

இஞ்சியில் நடப்பது இன்னும் சுவையானது. பச்சை இஞ்சியின் ஜிஞ்சரால் பத்து கார்பன் சங்கிலி உள்ள ஒரு கீட்டோன். கீட்டோன் மூன்றாவது கார்பனில், ஒரு ஆல்கஹால் ஐந்தாவதில். 5-ஹைட்ராக்சி-1-(4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சிஃபீனைல்)டெக்கன்-3-ஒன் என்று பெயர். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அந்த ஐந்தாவது கார்பனின் ஹைட்ராக்சிலும் நான்காவது கார்பனின் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்து நீராக வெளியேறி, அவ்விரு கார்பன்களுக்கும் இடையில் இரட்டைப் பிணைப்பு உருவாகிறது. அப்படிப் பிறந்த ஷோகாலின் பெயரில் 5-ஹைட்ராக்சி மறைந்து, டெக்-4-ஈன்-3-ஒன் என்ற முடிவு தோன்றுகிறது. ஷோகால் ஜிஞ்சராலைவிடக் காரம் மிகுந்தது. சுக்கு மல்லிக் காப்பியின் காரமும் இஞ்சித் தேநீரின் காரமும் வேறு வேறாகத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

மஞ்சளின் குர்குமினில் இந்தத் துண்டு இரண்டு முறை வருகிறது. ஏழு கார்பன் சங்கிலியின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று. நடுவில் இரண்டு கீட்டோன்கள், இரண்டு இரட்டைப் பிணைப்புகள். இவையெல்லாம் ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்து ஒளியை உட்கவர்வதால்தான் மஞ்சளுக்கு அந்த நிறம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பாவது, காரச் சூழலில் குர்குமின் தன் புரோட்டான்களை இழப்பதன் விளைவு.

மிளகு இந்தக் குடும்பத்தில் சேராது என்பதையும் மகளிடம் சொல்லுங்கள். பைப்பரினிலும் அமைடு உண்டு, ஆனால் அதன் வளையத்தில் ஹைட்ராக்சில் இல்லை.

கேள்வி: சிட்ரிக் அமிலத்தில் ஆறு கார்பன்கள் இருக்கின்றன. அப்படியிருந்தும் அதன் ஐயுபிஏசி பெயரில் மூன்று கார்பனைக் குறிக்கும் புரோப்பேன் வருவது ஏன்? (இளங்கலை முதலாண்டு மாணவி, நாகர்கோவில்)

பதில்: புளியில் உள்ள டார்டாரிக் அமிலத்தை முதலில் பார்த்தால் இது தெளிவாகும். அதில் நான்கு கார்பன் சங்கிலியின் இரு முனைகளும் அமிலத் தொகுதிகள். இரண்டையும் சங்கிலிக்குள்ளேயே எண்ணி 2,3-டைஹைட்ராக்சிபியூட்டேன்டையாயிக் அமிலம் என்று பெயரிட முடிகிறது. சிட்ரிக் அமிலத்திலோ மூன்று அமிலத் தொகுதிகள். ஒரு சங்கிலிக்கு இரண்டே முனைகள் என்பதால், சங்கிலிக்குள் எண்ணினால் இரண்டுக்கு மட்டுமே பின்னொட்டு கிடைத்து, மூன்றாவது கார்பாக்சி என்று முன்னொட்டாகத் தள்ளப்பட்டுவிடும். ஒரே வகைத் தொகுதிகளைச் சமமாக நடத்த வேண்டும் என்பதற்காக, மூன்று அமிலத் தொகுதிகளையும் அவற்றின் கார்பன்களோடு சங்கிலிக்கு வெளியே நிறுத்திவிட்டு, மிஞ்சும் மூன்று கார்பன்களை மட்டும் தாய்ச் சங்கிலியாகக் கொள்கிறார்கள். அதனால் 2-ஹைட்ராக்சிபுரோப்பேன்-1,2,3-ட்ரைகார்பாக்சிலிக் அமிலம். பின்னொட்டு 'ஆயிக்' என்று வந்தால் அமிலத்தின் கார்பன் எண்ணிக்கைக்குள் சேர்ந்திருக்கிறது என்றும், 'கார்பாக்சிலிக்' என்று வந்தால் சேரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். அமிலத் தொகுதி வளையத்தில் நேரடியாக ஒட்டியிருக்கும்போதும் இதே முறைதான்: சைக்ளோஹெக்சேன்கார்பாக்சிலிக் அமிலம்.

கேள்வி: ஒரே சேர்மத்துக்கு என் பழைய பாடநூலில் 2-எத்தில்பென்ட்-1-ஈன் என்றும், இப்போது பயன்படுத்தும் மென்பொருளில் 3-மெத்திலிடீன்ஹெக்சேன் என்றும் பெயர் இருக்கிறது. எது சரி? (முதுகலை மாணவர், சென்னை)

பதில்: இரண்டும் ஒரே மூலக்கூறைத் தவறில்லாமல் காட்டுகின்றன, விதிதான் இடையில் மாறிவிட்டது. முன்பு சங்கிலியைத் தேர்ந்தெடுக்கும்போது இரட்டைப் பிணைப்பு அதற்குள் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை, நீளம் அடுத்தது. ஐயுபிஏசி 2013இல் வெளியிட்ட பரிந்துரைகள் நீளத்தை முதலில் வைத்தன. அதனால் ஆறு கார்பன் சங்கிலி தாய்ச் சங்கிலியாகி, இரட்டைப் பிணைப்போடு கூடிய ஒற்றைக் கார்பன் மெத்திலிடீன் என்ற பதிலியாக வெளியே வந்துவிட்டது. மென்பொருள்கள் புதிய விதியைப் பின்பற்றும்போது பாடநூல்கள் பழைய விதியிலேயே இருப்பதுண்டு. தேர்வு எழுதும்போது உங்கள் பாடத்திட்டம் எந்த விதியைக் கற்பிக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். ஆய்வுக் கட்டுரை எழுதும்போது 2013இன் முறையே ஏற்றது.

இத்தகைய மாற்றங்கள் புதியவை அல்ல. 1860களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஹாஃப்மன், ஹைட்ரஜன் குறையக் குறைய ஹைட்ரோகார்பனின் பெயர் முடிவில் உயிரெழுத்தை வரிசையாக மாற்றலாம் என்றொரு யோசனையை முன்வைத்தார். இன்றைய ஏன், ஈன், ஐன் ஆகிய மூன்று முடிவுகளும் அதிலிருந்து வந்தவை. மற்ற இரண்டு உயிரெழுத்துகளும் வழக்கில் நிற்கவில்லை. 1892இல் ஜெனீவாவில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 34 வேதியியலாளர்கள் கூடி, மிக நீண்ட சங்கிலியை அடிப்படையாகக் கொண்டு பெயரிடும் முறையை வகுத்தார்கள். ஐயுபிஏசி 1919இல் தோன்றியபின் விதிகள் பலமுறை திருத்தப்பட்டன. 2-புரோப்பனால் என்று முன்னால் எழுதிவந்த எண்ணை, அது குறிக்கும் பின்னொட்டுக்கு அருகிலேயே கொண்டுவந்து புரோப்பன்-2-ஆல் என்று எழுதச் சொன்னது 1993ஆம் ஆண்டின் பரிந்துரை. அதனால் பழைய வினாத்தாள்களில் 2-பியூட்டீன் என்றும் புதியவற்றில் பியூட்-2-ஈன் என்றும் காண்கிறீர்கள். பழைய பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டதாகவும் எண்ண வேண்டாம். 2013இன் பரிந்துரையிலும் அசிட்டிக் அமிலம், ஃபார்மிக் அமிலம், ஃபீனால், அனிலீன் ஆகியவை விரும்பத்தக்க பெயர்களாகவே தொடர்கின்றன. அசிட்டோனுக்கு மட்டும் புரோப்பன்-2-ஒன் முன்னுரிமை பெற்றுவிட்டது. எது தங்கும், எது போகும் என்பதில் முழுமையான தருக்கத்தைத் தேடினால் ஏமாற்றம்தான் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: மெத்தில் எத்தனோயேட், எத்தில் மெத்தனோயேட் இரண்டும் ஒன்றா? (பத்தாம் வகுப்பு மாணவர், விருதுநகர்)

பதில்: வேறு வேறு. இரண்டிலும் மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் என்பதால் மூலக்கூறு வாய்பாடு ஒன்றுதான்; புரோப்பனாயிக் அமிலத்துக்கும் அதே வாய்பாடு. எஸ்டரின் பெயர் இரண்டு சொற்களாக வரும். முதல் சொல் ஆல்கஹாலிலிருந்து வந்த பகுதி, இரண்டாவது சொல் அமிலத்திலிருந்து வந்த பகுதி. எனவே மெத்தனாலும் எத்தனாயிக் அமிலமும் சேர்ந்தால் மெத்தில் எத்தனோயேட். எத்தனாலும் மெத்தனாயிக் அமிலமும் சேர்ந்தால் எத்தில் மெத்தனோயேட். படத்தைப் பார்த்துப் பெயரிடும்போது கார்போனைல் கார்பன் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கார்பன்களை, அதையும் சேர்த்து எண்ணி, இரண்டாவது சொல்லை முதலில் முடிவு செய்யுங்கள். ஒற்றைப் பிணைப்பு ஆக்சிஜனுக்கு அப்பால் இருப்பது முதல் சொல். இடமிருந்து வலமாகப் படிக்கும் பழக்கத்தில் சொற்களை எழுதிவிட்டால், படத்தைத் திருப்பி வரைந்து கேட்கும் வினாவில் பெயர் மாறிப்போய்விடும்.